நிக்கல் பூசப் போன விசில்

தலைமை நாற்காலியைத் தோள்களால் நிறைத்திருக்கும் கால்பந்து நடுவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பேச்சு எப்போது முடியும் என்று கண்களாலேயே கேட்கும் தாய்மார்களே, முலாம் பட்டறைத் தோழர்களே, வணக்கம்!

மின்பகுப்பு என்றால் என்ன? கரைசலிலோ உருக்கிய குழம்பிலோ மின்சாரத்தைச் செலுத்திப் பொருளைப் பிரிப்பது. நீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் வரும். உப்புநீரைப் பிரித்தால் குளோரின் வரும். உருக்கிய தாதுவைப் பிரித்தால் அலுமினியம் வரும். கம்பியை மாற்றி மாட்டினால்? வம்பு வரும்! அந்த வம்பை விலைக்கு வாங்கியவர் என் அத்தான்.

என் அக்கா முலாம் பட்டறை நடத்துகிறார். அத்தான் பேருந்து ஓட்டுநர். முலாம் பூசும் கரைசல் தொட்டிப் பக்கமே அவர் வரக்கூடாது என்பது அக்காவின் ஆணை. இறுதிப் போட்டி நாளில் அக்கா வெளியே போயிருந்தார். நம் நடுவரின் பித்தளை விசில் நிக்கல் பூசக் காத்திருந்தது. அத்தானுக்குக் கை அரித்தது!

நேர்முனையில் தொங்குவது கரையும். எதிர்முனையில் தொங்குவதன்மேல் படியும். ஆகவே நிக்கல் தகடு நேர்முனையில், விசில் எதிர்முனையில் இருக்க வேண்டும். அத்தானோ விசிலை நேர்முனையில் மாட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். வந்து தூக்கிப் பார்த்தால், விசிலா அது? சல்லடை! பின்வரிசையில் சிரிப்பது யார்? அத்தானா? சிரியுங்கள், உங்களுக்கு இல்லாத உரிமையா?

மைதானத்துக்கு ஓடினார். நடுவரிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். "விசில் போயிடுச்சு சார். ஆனா நான் விரல வச்சு அடிச்சா நாலு தெருவுக்குக் கேக்கும். நீங்க கையத் தூக்குங்க, சத்தம் என் பொறுப்பு."

மாற்று விசில் தேட ஆட்டம் காத்திருக்குமா? நடுவர் ஓடிய இடமெல்லாம் அத்தான் ஓடினார். கை உயர்ந்தது, சீழ்க்கை பறந்தது! கடைசி நிமிடம், சமநிலை. கோலுக்குப் பக்கத்தில் ஒருவன் எதிரணிக்காரனைத் தள்ளிவிட்டான். தள்ளியவன் யார்? அத்தான் பெற்ற மகன்!

நடுவர் கை உயர்ந்தது. மைதானமே அத்தானைப் பார்த்தது. மகனும் பார்த்தான். வாய் வறண்டுவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னாரா? அடித்தார் ஐயா! ஊரே திரும்பிப் பார்க்க அடித்தார்! பெனால்டியில் மகன் அணி தோற்றது.

வீட்டில் மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா அத்தானைப் பட்டறைக்கு அழைத்துப் போய், புது விசிலைக் கையில் கொடுத்தார்.

"மாட்டுங்க. எது எதுல?"

அத்தான் சற்று யோசித்து, விசிலை எதிர்முனையில் தொங்கவிட்டார். அக்கா சுவிட்சைப் போட்டார். பித்தளைமேல் வெள்ளை படியத் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் மகனின் குரல் கேட்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. எனக்கு மறைக்குது."

அத்தான் தள்ளி நின்றார். அந்த மனிதருக்காக ஒருமுறை கைதட்டுங்கள் தோழர்களே! இன்னும் பலமாக!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி, எல்லோருக்கும் என் வணக்கம்!