அங்கம்மா பாடுறா

– கதவைச் சாத்திட்டுப் பேசு நீலாம்பா. போலீஸ்காரி என் வீட்டுக்கு வந்தான்னு தெரிஞ்சா இந்த மட்டாஞ்சேரியே வாயில போட்டு மெல்லும்.

– யூனிபார்ம் போடாமதான் வந்திருக்கேன் ஒச்சம்மா சேச்சி. கொறச்சு நேரம் பேசிட்டுப் போயிடறேன்.

– எம் மக அங்கம்மாளைப் பாத்தியா? அதைச் சொல்லு மொதல்ல.

– பாக்கலை. சத்தம் கேட்டேன். போட்டு ஏறற துறைப் பக்கத்துப் பழைய கிடங்குல வச்சுத்தான் விசாரிச்சாங்க. அங்க எனக்குக் காவல். உள்ளேருந்து கபடி, கபடின்னு பாடறா.

– அவ குரல்தானா?

– அவளுக்கு எதிரா ஆடினவளாக்கும் நான். எங்க கோட்டுக்குள்ள அவ பாடிட்டு வந்தா ஏழு பேரும் பின்னால ஒதுங்குவோம். எனக்குத் தெரியாதா?

– அப்ப உசுரோட இருக்கா. எங்க குலசாமி கைவிடல.

– சேச்சி, போட்டுக்கு நிக்கற ஆளுகளுக்கும் கேக்குது. நேத்து வைப்பின் தீவுக்காரங்க போட்டைத் தவற விட்டுட்டு நின்னு கேட்டாங்க. யாரு பாடறதுன்னு கேக்கறாங்க. நீங்க வந்து பேரைச் சொல்லணும்.

– நான் வரமாட்டேன்.

– மெடல் வாங்கின மேடையில, பிடிச்சிட்டுப் போன தொழிலாளிகளை விடுங்கன்னு மைக்கில சொன்னா. அதுக்குத்தான் அவளைத் தூக்கினாங்க. இந்த எமர்ஜென்சியில ஒரு பேப்பரும் அவ பேரை எழுதலை. ஊருக்குத் தெரியணும், கேட்டோ சேச்சி.

– தெரிஞ்சா அவளுக்கு அடிதான் கூட விழும். வாயத் தொறக்காம இருந்தா விட்டுர்றேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்காரு. என்கூட மண்டியில சுக்குப் பொறுக்குறவளுக, மக எங்கடின்னு கேக்குறாளுக. தேனிக்குப் போயிருக்கான்னு சொல்றேன். பெத்த வயிறு எரியுது, இருந்தாலும் சொல்றேன்.

– அவர் பேச்சை நம்பாதீங்க. எனக்குப் பயமா இருக்கு சேச்சி. கூட நிக்கற போலீஸ்காரங்க காதுல பஞ்சு வச்சிட்டு நிக்கறாங்க.

– எதுக்கு? எம் மக பாடுறது அவங்களை என்ன செய்யுது?

– பாட்டுக்கு நடுவுல எப்ப மூச்சு இழுக்கறான்னு காது குடுத்துக் கேட்டேன். இழுக்கவே இல்லை. இத்தனை நாளா ஒரே மூச்சு.

– ஆட்டத்துலயும் அவ அப்பிடித்தான், பிடிவாதக்காரி. நெஞ்சு நோவாதா? நீ ஒரு உதவி செய் தாயி. கதவைத் தட்டி, ஆத்தா நிறுத்தச் சொன்னான்னு சொல்லு.

– யார்கிட்டச் சொல்ல? அந்த ரூமைப் போன திங்கக்கிழமையே ரத்தம் போகக் கழுவிப் பூட்டியாச்சு சேச்சி. உள்ள யாரும் இல்லை.