தண்ணீர் குடிக்க மறுத்த மாமி

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"முதியோர் இல்லத்துல மாமி தண்ணியே குடிக்க மாட்டேங்குறாங்க அக்கா."

"ஏனாம்?"

"குடிச்சா சேலையிலயே போயிருதாம். அங்க வேல செய்றவங்க எல்லார் முன்னாலயும் வச்சு ஏசுறாங்களாம். நான் போறப்பவும் ஈரத்துலதான் கெடந்தாங்க. தரை மட்டும் பளபளன்னு இருக்கு!"

"நீ சும்மாவா வந்த?"

"நல்லாக் கத்துனேன். சுடுதண்ணி கேட்டு வாங்கி, கதவச் சாத்திட்டு, நானே குளிப்பாட்டி விட்டேன். என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவேன்."

"ஒன் வீட்டுக்காரரு ஒத்துக்குவாரா?"

"அவருதான அங்க கொண்டுபோய் விட்டாரு!" பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அவரப் பெத்த தாயி. நான் குளிப்பாட்டுறேன், துணியெல்லாம் அவரு தொவைக்கட்டும்!"