பூண்டுப் பரணில் கேம் பெட்டி

குகன்: ...இல்லண்ணே, உங்க டிவியில கோளாறு இல்ல. இந்த கேம் பெட்டியிலதான். ஹெச்டிஎம்ஐ வயரு சொருகுற வாய் ஒரு பக்கமா பிஞ்சு தொங்குது.

சேனாதிபதி: அப்ப வேற ஓட்டையில சொருகிக் குடுப்பா. பக்கத்துல ரெண்டு சும்மாதான கெடக்கு.

குகன்: அது வெளையாடுற ரிமோட்டுக்குச் சார்ஜ் ஏத்துறது. அதுல படம் வராது.

சேனாதிபதி: மஞ்ச, செவப்பு, வெள்ளைன்னு மூணு வயரு வருமே... அத மாட்டுனா?

குகன்: அது அந்தக் காலத்துப் பெட்டிக்குண்ணே. இதுல படம், சத்தம் எல்லாமே இந்த ஒத்த வாயிலதான். மாத்தணும். நாளைக்குக் கடைக்கு வந்து...

தமயந்தி: நாளைக்கா? எங்க பய சந்தோஷு ஹாஸ்டல்ல இருந்து சாயங்கால பஸ்ஸுல வர்றான் தம்பி. நாங்க வில்பட்டி போய்ச் சேரணும். வெரசா முடிச்சுக் குடு.

குகன்: வந்ததும் வெளையாட விட்டுருவீங்களாக்கும்.

தமயந்தி: எங்க... பன்னெண்டாவது படிக்கிறான். படிப்பு கெடுதுன்னு நாங்கதான் புடுங்கி வச்சிருக்கோம். பரீட்சை முடியிற வரைக்கும் வீட்ல யாருமே தொடமாட்டோம்னு இவரு பழனி மலையப் பாத்துச் சத்தியம் பண்ணிருக்காரு.

குகன்: அப்ப படம் வந்தா என்ன, வராட்டி என்ன?

சேனாதிபதி: நல்லாருக்கான்னு ஒருக்கா மாட்டிப் பாப்பான்ல. படம் வரலன்னா... எங்களத்தான கேப்பான். அப்பறம் எங்க சொல்லு அவங்கிட்ட எடுபடுமா?

குகன்: இத எங்க வச்சிருந்தீங்க?

தமயந்தி: பூண்டுப் பரண்ல. பூண்டு கெடாம இருக்கக் கீழ பொகை போட்டுக்கிட்டே இருக்கோம்ல, பனி ஈரம் அண்டாது.

குகன்: அதான் பெட்டி பூராக் கரி. ஆனா இந்த வாயச் சுத்தி மட்டும் பளபளன்னு கெடக்கு.

சேனாதிபதி: ...எலி.

குகன்: எலியா?

சேனாதிபதி: பரண்ல எலி ஜாஸ்திப்பா. என்ன தமயந்தி?

தமயந்தி: ம்... பெரிய எலி.

குகன்: ரிமோட்டு ரெண்டுலயும் பட்டன் தேஞ்சிருக்கு. பூண்டு வாடை வேற தூக்குது.

சேனாதிபதி: பூண்டுப் பரண்ல வச்சா மல்லிப்பூ வாடையா அடிக்கும்?

குகன்: சரிதான். ஆனா இது எலி கடிச்சது இல்லண்ணே. யாரோ வயரப் புடிச்சு வெடுக்குனு இழுத்திருக்காங்க.

சேனாதிபதி: ஏம்ப்பா... உனக்குச் சோலி பாக்கத் தெரியுமா, விசாரிக்க மட்டுந்தான் தெரியுமா?

குகன்: கோவப்படாதீங்க, இப்பவே பாத்துத் தர்றேன். உங்க பய ஹாஸ்டலுக்குப் போனதுக்கப்பறம்... அந்த எலி வெளையாண்டது எல்லாம் உள்ள பதிஞ்சிருக்கும். அத மட்டும் அழிச்சுரவா?

சேனாதிபதி: அழிச்சுரு. மொதல்ல அத அழி.

தமயந்தி: அழிக்காத தம்பி. பய கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நேத்து கார் ரேஸுல நான் ஜெயிக்கப் போற நேரம் பாத்துத்தான் இவரு வயரப் புடுங்குனாரு... அதுக்கு முந்தி ஜெயிச்சதாவது எம்பேர்ல இருக்கட்டும்.