மேற்படி மண்

பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியிருக்கிறபடி. வயது நாற்பத்தொன்று. வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தோட்டம் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். என் மேல் புகார் கொடுத்திருப்பவர் என் உடன்பிறந்த அக்காளின் கணவர், எனக்கு அத்தான். மண் வாங்கி விற்கிறவர். தொழிலில் அவரைச் 'சலிச்ச மண்ணு' என்றால்தான் தெரியும். எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் "சலிச்ச மண்ணும்மா" என்பார். அவர் சல்லடையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. என் அக்காளுக்கு வாழ்க்கையைச் சலிக்கவைத்தது ஒன்றுதான் அந்த வகையில் அவர் செய்த வேலை.

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு மழலையர் பள்ளியின் பின்பக்கத்து விளையாட்டு இடத்தை மேடாக்கிப் புல் பதிக்கும் வேலையை எடுத்தேன். அந்த இடம் பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் தேங்கிவிடும். நிரப்புவதற்கான மண்ணை வழக்கமாக அஸ்திவாரம் தோண்டுகிறவர்களிடம் பேசி, கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்து, அதன் பிறகுதான் வாங்குவேன். அந்தச் சமயம் பக்கத்தில் யாரும் தோண்டவில்லை. அக்கா போன் செய்து, "அவரு சும்மாதான்டி உக்காந்திருக்காரு, அவர்கிட்டயே வாங்கேன்" என்றாள். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஊருக்கு நல்லது என்று எனக்கு அப்போதே தெரியும். அக்காள் வாய்விட்டுக் கேட்டதால் ஒத்துக்கொண்டேன்.

முதலில் வந்த லாரியில் நல்ல செம்மண் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறொரு வீட்டு வேலைக்குப் போனேன். அதன் பிறகு வந்து பார்த்தபோது பள்ளம் முழுவதும் நிரம்பி, மேலே செம்மண் பரவிக் கிடந்தது. அத்தான் தாமே நின்று பரப்பச் செய்ததாகச் சொன்னார். அவர் வெயிலில் நின்றார் என்பதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு புல் பதித்தோம். பத்து நாளில் புல் மஞ்சளாகிக் கருகியது. என்னிடம் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா வேரைப் பார்க்கக் கையால் தோண்டினார். சாண் ஆழத்தில் செம்மண் முடிந்து கறுப்பு மண் வந்தது. பிளாஸ்டிக் பெட்டித் துண்டுகளும் ஈயத் தகடுகளும் வந்தன. மறுநாள் அந்த அம்மாவின் விரல்கள் கொப்பளித்திருந்தன.

அதன் பிறகு லாரி டிரைவரைக் கேட்டேன். "பழைய பேட்டரி பட்டறைய இடிச்ச எடத்து மண்ணும்மா. எடுத்துட்டுப் போனாப் போதும்னு அவங்களே காசு குடுத்தாங்க" என்றார். ஆக அள்ளியதற்கு ஒரு பக்கம் கூலி, கொட்டியதற்கு என்னிடம் விலை.

அதன் பிறகு அத்தானின் கடைக்குப் போய் மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். "மண்ணுக்கெல்லாமா ஜாதகம் கேப்பாங்க? மேல இன்னும் கொஞ்சம் செம்மண்ணு போட்டு மூடு. பாக்கறவங்களுக்குப் பச்சையாத் தெரிஞ்சா சரி" என்றார்.

"சின்னப் பிள்ளைங்க வாயில வைக்கும் அத்தான்."

"வச்சா துப்பிட்டுப் போவுது" என்று சொல்லி, பல்லில் அகப்பட்டதைத் துப்பினார்.

அதன் பிறகு தலைமை ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பின்கதவைப் பூட்டினார். நகராட்சி அலுவலகத்தில், இப்படிப்பட்ட மண்ணுக்குத் தனி இடம் உண்டு என்றும், அது எங்கே என்று தெரிந்தவர் விடுப்பில் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். பள்ளி திறக்கும் நாள் நெருங்கியதால் கையுறை போட்டு எல்லாவற்றையும் தோண்டி எடுத்தோம். அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமலில்லை. வீட்டு மனை மேடாக்க வேண்டும் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். விற்றிருந்தால் நானும் அத்தானும் ஒரே குடும்பம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அதன் பிறகு அக்காளுக்குப் போன் செய்து, குழந்தையை வெளியே விடாதே, ஜன்னலைச் சாத்து என்று சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு அதே டிரைவரோடு மண்ணைக் கொண்டுபோய், அத்தான் வீட்டுப் போர்டிகோவில் அவருடைய காருக்குப் பின்னால் கொட்டினேன். இதை நான் மறுக்கவில்லை. அவர் துண்டோடு ஓடிவந்து, "குழந்தை இருக்கிற வீடு! அந்த மண்ணை இங்க கொட்டாத!" என்று கத்தினார்.

"எந்த மண்ணு அத்தான்? சலிச்ச மண்ணுதானே?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். அத்தான் தம் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அந்தச் சமயம் அக்காள் கதவருகே வந்து, "அது என்ன மண்ணுங்க?" என்று அவரைக் கேட்டாள். "உள்ள போ" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடம், பட்டறை, அந்த அம்மாவின் விரல்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காள் உள்ளே போனாள். நான் மண்ணின் மேல் தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். அதன் பிறகு அக்காள் ஒரு பையும் குழந்தையுமாகப் பக்கவாசல் வழியே வந்தாள். நான் கூப்பிடவில்லை. லாரியின் முன் இருக்கையில் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரிடம் "எடுங்கண்ணே" என்றாள். இப்போது இருவரும் என் வீட்டில் இருக்கிறார்கள். அத்தான் இன்றுவரை போன் செய்யவில்லை.

அவருடைய புகாரை இங்கே காவல் நிலையத்தில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். காரை வெளியே எடுக்க முடியவில்லை, டைல்ஸில் கறை பிடித்துவிட்டது, அக்கம்பக்கத்தில் மானம் போயிற்று என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். மனைவியும் மகளும் வீட்டில் இல்லை என்று அதில் ஒரு வரி கிடையாது.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அத்தானைக் குறித்து நான் சொன்ன ஒரு சொல்லை அரசாங்கத் தாளில் எழுத முடியாது என்று ஐயா சொன்னதால் அதை விட்டுவிடச் சம்மதித்தேன். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, நடந்ததும் அப்படியே.

(ஒப்பம்)