மேனுகாவின் கவிதைக்கு ஒரு பெயர்

ஆங்கிலக் கவிதையை எங்கள் பிள்ளைகளின் நாவுக்கும் செவிக்கும் பழக்கிய நல்லாசிரியை, திருமதி நாகேஸ்வரி கனகலிங்கம் அவர்களே,

புதுக்குடியிருப்பில் எமது பாடசாலையின் உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியத்தைத் தொடங்கி, வகுப்பில் இருவர் இருந்த ஆண்டிலும் குன்றாத ஊக்கத்தோடு கற்பித்து, இன்று இளைப்பாறும் தங்களின் குணங்களை நாம் அடுக்கப் போவதில்லை. நடந்த ஒன்றை இச்சபைக்குச் சொல்கிறோம்.

எழுதியவர் பெயர் தெரியாத பழைய ஆங்கிலப் பாடல்களை நாகேஸ்வரி ஆசிரியை விரும்பிப் படிப்பிப்பார். "பேரைத் தேடாதேங்கோ. எழுதின ஆள் எங்கை நிண்டு பார்க்கிறார் எண்டு வரி சொல்லும்" என்பார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நாயாற்றுக் கடற்றொழிலாளர் ஒருவரின் மகள் மேனுகா, கரைவலை இழுப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதினாள். ஆசிரியை அதை ஓர் அமைப்பின் கவிதைப் போட்டிக்கு அனுப்பினார். தெரிவாகும் கவிதைகளை அவர்கள் நூலாக வெளியிடுவார்கள். நடுவர்கள் ஆசிரியையையும் மேனுகாவையும் கிளிநொச்சிக்கு அழைத்தார்கள்.

"இது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரித் தெரியேல்லை. இப்ப கைப்போனே கவிதை எழுதித் தருது" என்றார் ஒரு நடுவர்.

"அவளையே கேளுங்கோ" என்றார் ஆசிரியை.

கவிதையின் நடுவில் ஒரு வரி மட்டும் ஏன் நிறுத்தமே இல்லாமல் அவ்வளவு நீளம் என்று கேட்டார்கள்.

மேனுகா தலை நிமிராமல் சொன்னாள்: "வலை இழுக்கேக்கை இடையிலை நிக்கேலாது. நிண்டால் மீன் போயிடும்."

நடுவர்கள் தங்களுக்குள் கதைத்துவிட்டு ஒரு வழி சொன்னார்கள். ஆசிரியையின் பெயரையும் சேர்த்து, இருவர் எழுதியதாகப் போட்டால் நூலில் அச்சிடலாம்.

"உங்கடை பேரும் இருக்கட்டும் ரீச்சர். எனக்குப் பரவாயில்லை" என்றாள் மேனுகா.

"நான் ஒரு சொல்லும் எழுதேல்லை. வாசிச்சனான், அவ்வளவுதான். அவளின்ரை பேர் மட்டும் எண்டால் போடுங்கோ. இல்லாட்டித் திருப்பித் தாங்கோ."

திருப்பித் தந்துவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது மேனுகா ஆசிரியையோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தன் கவிதையை அச்சில் காண அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது ஆசிரியைக்குத் தெரியும். அந்தத் தவணை முழுவதும் அவள் வகுப்புக்கு வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தான் செய்தது சரிதானா என்று ஆசிரியை எங்களிடம் ஒருமுறைக்கு மேல் கேட்டதுண்டு.

அடுத்த ஆண்டு நடுவர்கள் மாறினார்கள். ஆசிரியை அதே கவிதையை ஒரு சொல்லும் மாற்றாமல் மீண்டும் அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நூலில் அது வந்தது, மேனுகா என்ற ஒரே பெயரோடு. அன்று அவள் ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்று, "ரீச்சர், வந்திட்டுது" என்றாள். அதற்குப் பிறகுதான் இருவரும் பழையபடி கதைத்தார்கள். அவள் இன்று பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள்.

போன கிழமை உப அதிபர் பிரதாபன், "வீட்டிலை இருந்து என்ன செய்யப் போறியள் அக்கா?" என்று கேட்டார்.

"நானும் இங்கிலீசிலை கொஞ்சம் எழுதி வைச்சிருக்கிறன், தம்பி. ஒருத்தருக்கும் காட்டேல்லை. இனி என்ரை பேரைப் போட்டு அனுப்பப் போறன்."

அம்மையாரே, இத்தனை காலம் ஒரே ஓய்வறையில் தங்களோடு தேநீர் அருந்திய எமக்கு இது தெரியாது. தங்கள் கண்ணும் கையும் உடலும் நலமாயிருக்கட்டும். அனுப்பியவை திரும்பி வந்தால் மீண்டும் அனுப்புங்கள். அச்சில் வரும் நாளில் முதற்பிரதி இந்த ஓய்வறைக்கு வர வேண்டும். வாசிக்கக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
தங்கள் சக ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்