நிமிடத்துக்கு எவ்வளவு கேட்கலாம்

உங்கள் மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை டக்கென்கிறது. முடிந்தால் அதை நிறுத்திவிடுங்கள். நாளைக்கு இந்தப் பதிவைக் கேட்டு எழுதப்போகிறவருக்கு அது பெரிய இம்சை. எனக்கு வியர்த்தால் பரவாயில்லை.

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்கள் பேசியதைக் காதில் வாங்கி எழுத்தாக்கித்தான் சாப்பிடுகிறேன். மருத்துவக் கருத்தரங்கு, ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்த பேட்டி, நிறுவனக் கூட்டம், எது வந்தாலும் செய்வேன். பேசுகிறவர் இருமினால் இருமல் என்று அடைப்புக்குறிக்குள் போடுவோம். அழுதால் மௌனம் என்று போடுவோம். பதிவின் நீளத்துக்கு, நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி. மேலதிகாரி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, ஏமாந்தால் கேட்க நாதி கிடையாது.

நானும் ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் பதிவுக் கட்டணம் கட்டினால் வருடம் முழுக்க வேலை என்றார்கள். கட்டினேன். பிறகு அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தால் பூட்டிய சைக்கிள் கடை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எங்கள் தொழில்காரர்களுக்கென்று ஒரு குழுவைத் தொடங்கினேன். கைப்பேசியில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். வேலை தருகிறேன், முதலில் பணம் கட்டு என்பவன் வேலை தருகிறவன் இல்லை. பாதி விலைக்கு ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற முடியாது. முன்பணம் வாங்காமல் பெரிய வேலையைத் தொடாதே. இப்படி நான் எழுதிப் போட்டதையெல்லாம் சிலர் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அறுபது வயது ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பெண் போன வருடம் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தவள். மாமனாருக்கு நினைவு தப்பிவிட்டது. கண் மறைந்தால் வாசலைத் திறந்துகொண்டு நடந்துவிடுவார். கணவனுக்கு லாரி ஓட்டும் வேலை, மாதத்தில் நான்கு நாள்தான் வீடு. அதனால் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து செய்கிற மாதிரி ஏதாவது தேடினாள். குழுவில் எல்லாரும் நர்ஸ் தங்கச்சி என்றார்கள். இடது காதில் மட்டும் பதிவு கேட்கிற ஒலிப்பானைச் செருகிக்கொள்வாள். வலது காது மாமனாருக்கு.

அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நிமிஷத்துக்கு எவ்வளவு கேக்கலாம்?"

சொன்னேன்.

"அவ்வளவு கேட்டா புதுசா வந்தவளுக்கு யாருக்கா தருவாங்க? நான் பாதிக்குப் பண்ணிக் குடுத்துடறேன்."

சொன்னபடியே செய்தாள். இரண்டு மாதத்தில், பதினோரு வருடமாக எனக்கு வேலை தந்துகொண்டிருந்த மருத்துவர் சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க, பட்ஜெட் இடிக்குது" என்றார். வேலை இனி யாரிடம் போகிறது என்று நான் கேட்கவில்லை. பிறகு வேறு இரண்டு இடமும் போயிற்று. எனக்கு மட்டும் என்றால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். கணக்கர் தன் கூலியைக் குறைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் குறைத்தார்கள். ஒரு குழுவைப் பொறுப்பாக நடத்துகிறவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னேன். "தங்கச்சி, நீ அடிமாட்டு விலைக்குப் போனா எங்க எல்லார் வயித்துலயும் அடிக்கிற மாதிரி." அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வாரமே இன்னொரு இடத்துக்கும் அதே விலை சொன்னாள். சொல்லித் திருந்தாதவர்கள் பட்டுத் திருந்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா. உங்கள் வேலையே அதுதானே.

இல்லாத நிறுவனம் ஒன்றை ஒரு மத்தியானத்தில் உண்டாக்கினேன். ஒரு பெயர், ஒரு சின்னம், ஒரு மின்னஞ்சல், ஒருங்கிணைப்பாளர் என்று கையெழுத்து. சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் முடிந்துவிட்டது. அவள் வாங்குவதைப் போல நான்கு மடங்கு கூலி எழுதினேன். நான்கு மாதத்துக்கு வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது, பணம் மொத்தமாகக் கடைசியில், முன்பணம் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள். எதையெல்லாம் கண்டால் ஓடிவிடு என்று குழுவில் எழுதியிருக்கிறேனோ, அதையெல்லாம் அந்தக் கடிதத்தில் வைத்திருந்தேன். ஒளிவுமறைவே இல்லை. நான் எழுதியதை ஒழுங்காகப் படித்திருந்தால் அவள் தப்பித்திருக்கலாம்.

அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, ஒரு லெட்டர் வந்திருக்கு. நாலு மடங்கு தராங்களாம். சந்தோஷமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

அனுப்பச் சொன்னேன். உடனே பதில் சொன்னால் நன்றாக இருக்காது என்று ஒரு மணி நேரம் விட்டுக் கூப்பிட்டேன்.

"முன்பணம் இல்லங்கறது மட்டும் கொஞ்சம் உறுத்துது. ஆனா பெரிய இடம்னா அப்படித்தான் இருப்பாங்க. கூலிய நல்லாத்தானே போட்டிருக்காங்க."

"நீங்க சரின்னா நான் கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன்கா."

"கண்ணைத் திறந்துக்கிட்டே செய்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவள் மற்ற இடங்களுக்கெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டாள். செயலாளர் என்னிடம் திரும்பி வந்தார். பழைய கூலிக்கே வந்தார். அவர் தந்த பதிவுகளைத்தான் நிறுவனத்தின் பெயரில் அவளுக்கு அனுப்பினேன். ஏதாவது பதிவு அனுப்பித்தானே ஆகவேண்டும். அவள் எழுதியதை என் பெயரில் செயலாளருக்கு அனுப்பினேன். நான்கு மாதமும் நான் ஒரு வரி தட்டவில்லை. படித்தது மட்டும்தான்.

அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். மருந்துப் பெயர் ஒன்றுகூடப் பிசகாது. பொக்கை வாய் மருத்துவர் ஒருவர் முணுமுணுத்ததையெல்லாம் முழுசாகப் பிடித்திருந்தாள். ஒரு பேட்டியில் நோயாளிக் குழந்தையின் தாய் ஏதோ சொல்கிறாள், நாற்காலி இழுக்கிற சத்தத்தில் அது அமுங்கிவிட்டது. நான் மூன்று முறை கேட்டேன். நானாக இருந்தால் தெளிவில்லை என்று போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். அவள் எழுதியிருந்தாள்: 'அவனுக்கு வலிக்கலன்னு என்கிட்ட பொய் சொல்றான்.' அதைப் படித்துவிட்டு நான்காவது முறை கேட்டேன். பளிச்சென்று கேட்டது.

அதே வாரம் செயலாளர் கூப்பிட்டார். "இத்தனை வருஷத்துல நீங்க இப்படிச் செஞ்சதே இல்லைங்க. கை வைக்க ஒரு இடம் இல்ல. என்ன மாயம் பண்ணீங்க?"

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது.

நான்காவது மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நிறுவனத்துக்கு அவளிடமிருந்து கடிதம் வந்தது. இடது காது அடைத்துக்கொண்டிருக்கிறது, இரைச்சலாக இருக்கிறது, மருத்துவரைப் பார்க்க மூன்று நாள் அவகாசம் வேண்டும் என்று. வெள்ளிக்கிழமைக்குள் முடியவில்லை என்றால் ஒப்பந்தம் ரத்து, எதுவும் தருவதற்கில்லை என்று நிறுவனம் பதில் எழுதியது. பத்து நிமிடத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது.

"அக்கா, எழுந்ததுலேருந்து ஒரு பக்கம் பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. உள்ள கொய்ங்குது. நர்ஸா இருந்தவ நான், இத விட்டு வெக்கக்கூடாதுன்னு தோணுது. ஆனா அவங்க வெள்ளிக்கிழமைங்கறாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும். மாமாவையும் கூட்டிட்டுப் போகணும், ஒரு நாள் முழுசாப் போயிடும்."

"நாலு மாசம் உழைச்சத நாலு நாள்ல விட்டுடுவியா? பல்லக் கடிச்சுக்கிட்டு முடிச்சிடு. காது எங்க ஓடிடப்போகுது?"

"அதுவும் சரிதான்கா."

அவள் வலது காதுக்கு ஒலிப்பானை மாற்றிக்கொண்டாள். மாமனார் எழுந்து நடந்தால் இனிக் கேட்காது என்பதால், ஒரு ரிப்பனை எடுத்து ஒரு முனையை அவர் சட்டைப் பொத்தானிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். இதை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள், ஏதோ வேடிக்கைபோல. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிப் பக்கம் வந்தது. அதிலும் பிழை இல்லை.

சனிக்கிழமை மருத்துவரிடம் போனாள். அங்கேயே படுக்கையில் சேர்த்து ஐந்து நாள் ஊசி போட்டார்கள். இடது காது திரும்பவில்லை. முதல் மூன்று நாளுக்குள் வந்திருந்தால் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு என்றாராம் மருத்துவர். ஒலிப்பானால் வந்ததா என்று நான் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தை அந்தச் சனிக்கிழமையே மூடிவிட்டேன். திங்கட்கிழமை குழுவில் அதன் பெயரைப் போட்டு எச்சரித்தேன். நம் தங்கச்சி ஒருத்தியின் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள், யாரும் ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள் என்று எழுதினேன். நிறையப் பேர் நன்றி சொன்னார்கள். இரண்டு பேர் கூலியை உயர்த்தியிருப்பதாகச் சொன்னார்கள். அத்தோடு முடிந்திருக்கும். அவள்தான் போலீசில் புகார் கொடுத்தே தீருவேன் என்றாள். தடுத்தால் வித்தியாசமாகத் தெரியும். எழுதிக் கொடுத்ததும் நான்தான், ஒரு பக்கம் கேட்காதவளைத் தனியாக அனுப்பக் கூடாது என்று கூட வந்ததும் நான்தான். இதே பெஞ்சில் உட்கார்ந்தோம். நீங்கள் இரண்டு பேருக்கும் தேநீர் வரவழைத்தீர்கள்.

அந்த மின்னஞ்சல் என் வீட்டு இணைப்பிலிருந்து போனதை உங்கள் ஆட்கள் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நேற்று என் கணினியை எடுத்துக்கொண்டு போகும்போது உங்கள் உதவியாளர் படியில் இறங்கியபடி, "வேலியே பயிர மேஞ்சிருக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

அவளுடைய கூலியைத் தந்துவிடுகிறேன். கடிதத்தில் எழுதிய நான்கு மடங்கையே தருகிறேன். அதைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஏன் என்றுதான் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள்.

செயலாளருக்கு அவசரம் இல்லை. அடுத்த மாதக் கடைசியில் தந்தால் போதும் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதமும் இப்போது உங்களிடம் இருக்கும். மூன்று நாள் விட்டிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போய் வந்து, மறுபடி உட்கார்ந்து, முன்போலவே எழுதியிருப்பாள்.

ஆறேழு வருடத்துக்கு முன் ஒரு காது மருத்துவரின் உரையை எழுதியிருக்கிறேன். ஒரு நாளில் திடீரென்று ஒரு காது அடைத்து இரைந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்று அதில் ஒரு வரி வரும். எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. அவள் கடிதத்தைத் திறந்துவைத்துக்கொண்டே பழைய கோப்புகளில் தேடினேன். இருபது நிமிடம் பிடித்தது. வரியைக் கண்டுபிடித்தேன். இரண்டு முறை படித்தேன். செவ்வாய், புதன், வியாழன் என்று எண்ணிப் பார்த்தேன். பிறகுதான் வெள்ளிக்கிழமை என்று எழுதினேன்.

ஆமாம். தெரிந்துதான் எழுதினேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும், அது உங்கள் கடமை. சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். புருஷன் வந்திருந்தான், மூலையில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். "நீங்க ஒருத்தர்தான்கா எனக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்கள் உட்காரக் கட்டிலுக்கு இடது பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாரும் அதிலேயே உட்கார்ந்து, கேட்கிறதா கேட்கிறதா என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்தான் அதைத் தூக்கி வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பேசினேன். அவ்வளவு அக்கறை வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.