சயாவின் மூக்குக்கண்ணாடி

இந்த இடத்துல பேச்சைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு சின்னக் கதை சொல்லிக்கிறேன். நான் கட்டின கதைதான்... ஆனா கேக்கும்போது உங்களுக்கு யாராவது ஞாபகத்துக்கு வருவாங்க.

பர்மாவுல 'ஊ தான் லே'ன்னு பேருள்ள ஒரு சினிமாக்காரர். முப்பது வருஷமா அவர் படத்துக்கு அவரே டைரக்டர், அவரே கதாநாயகன். அவருக்கு வயசு ஐம்பத்தாறு. கதாநாயகனுக்கு? இருபத்திரண்டு. எப்பவும் இருபத்திரண்டு.

யாரும் ஒண்ணும் சொல்லலையான்னு கேக்குறீங்களா? எப்படிச் சொல்வாங்க? பெரியவங்க மனசு கோணுற மாதிரி அங்கே யாரும் பேச மாட்டாங்க. அவரைச் 'சயா'ன்னு கூப்பிடுவாங்க... குருன்னு அர்த்தம். ஷாட் முடிஞ்சதும் கேப்பாரு, "எப்படி?" "ரொம்ப நல்லாயிருக்கு, சயா." ஒருநாள் சேத்துல வழுக்கியே விழுந்தாரு. "எப்படி?" "ரொம்ப இயல்பா இருந்துச்சு, சயா."

கடைசிக் காட்சி வந்தது. ரங்கூன்ல நாலு வருஷம் படிச்சிட்டு வீடு திரும்புற மகன், அம்மா காலடியில மூணு தடவை விழுந்து கும்பிடணும். ஃபிலிம் தட்டுப்பாடான காலம்... கையில ஒரே ஒரு சுருள். ஒரு தடவைதான் எடுக்க முடியும். கெட்டுப்போனா அந்த வருஷம் படமே கிடையாது.

அம்மாவா நடிக்கிறவங்க டௌ கின் ஹ்லா. மகனைவிட எட்டு வயசு சின்னவங்க.

சயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கேமரா வழியாப் பாத்தாரு. திருப்தி. "கேமராவை ஓட்டு"ன்னு சொல்லிட்டு ஓடிப்போய், வாசல் வழியா மகனா உள்ளே வந்தாரு... கண்ணாடியோட. பொடி எழுத்தைப் படிக்க ஐம்பது வயசுல போடுற தடிக் கண்ணாடி.

கேமராமேன் பாத்தாரு. லைட்மேன் பாத்தாரு. யார் 'கட்' சொல்றது? அங்கே 'கட்' சொல்ற ஒரே ஆள் தரையில விழுந்து கும்பிட்டுக்கிட்டு இருக்காரு. ஒரு தடவை... ரெண்டு தடவை... சுருள் ஓடுது.

பெரியவங்க தலைப்பக்கம் கையைக் கொண்டுபோறதே அந்த ஊர்ல மரியாதைக் குறைவு. மூணாவது தடவை அவர் நிமிர்ந்ததும்... டௌ கின் ஹ்லா கையை நீட்டி, மெல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டினாங்க.

"ஏன்டா... படிச்சுப் படிச்சுக் கண்ணையும் கெடுத்துக்கிட்டு வந்துட்டியா? இரு, உன் முகத்தைப் பாக்கறேன்."

சயாவுக்கு அப்பத்தான் புரிஞ்சது. முப்பது வருஷத்துல முதல் தடவையா, நடிக்காம அழுதாரு. சுருளும் தீர்ந்துச்சு. படம் பிழைச்சுது.

நேரா கேமராமேன்கிட்ட போனாரு. "நீ பாத்தியா?" "பாத்தேன், சயா." "ஏன் சொல்லலை?" "உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருந்துச்சு, சயா."

டௌ கின் ஹ்லா கண்ணாடியைத் துடைச்சு நீட்டினாங்க. "மன்னிக்கணும், சயா... அடுத்த படத்துல நீங்க அப்பாவா வாங்களேன். எனக்கும் கொஞ்சம் வயசு குறையும்."

அடுத்த படத்துல அப்பாவாத்தான் வந்தாரு. கண்ணாடியோட.

என்ன, நம்ம நாடகக் குழுவோட முன்வரிசை திடீர்னு அமைதியாயிடுச்சு? உங்களைச் சொல்லலைங்க... சரி, உங்களையும்தான் சொல்றேன். 'நல்லாயிருக்கு'ன்னு சொல்ல நாலு பேர் சுத்தி இருந்தாப் போதும், நாம எல்லாருமே இருபத்திரண்டுல நின்னுடுவோம். பின்வரிசையில இருக்கிற இளசுகளுக்கும் ஒரு வார்த்தை. மரியாதைன்னு சும்மா நின்னவங்க அந்தச் சுருளை ஓடவிட்டாங்க. துணிஞ்சு கையை நீட்டினவங்க, அவரையும் காப்பாத்தினாங்க, அவர் மரியாதையையும் காப்பாத்தினாங்க.

எனக்குக் குடுத்தது பத்து நிமிஷம். இப்ப இருபத்தஞ்சு ஆச்சு. நம்ம குழுச் செயலாளர் மூணு தடவை கடிகாரத்தைப் பாத்தாரு... மூணு தடவையும் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. நீங்க ரொம்ப நல்லவர், சார். அதனால என் கண்ணாடியை நானே கழட்டிக்கிட்டு... உக்காந்துக்கிறேன்.